கடைசி வண்டி எத்தனை மணிக்கு?

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான பொய்யைச் சொல்லலாம். ஆனா உண்மைக் காரணம் அது இல்லை. 2024 டிசம்பர் நடுவுலேருந்து 2025 ஏப்ரல் நடு வரைக்கும் நான் உருப்படியாப் பார்த்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். காத்திருந்தேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி எழுத வெக்கமா இருந்துச்சு. இப்ப மறுபடியும் அதே காரியத்துல இறங்கப் போறதால, மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

விஷயம் இதுதான். ஏழு வருஷமா பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். டேட்டாபேஸ் பக்கம் வேலை. யாரோ எழுதின சிஸ்டத்துக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டே காலம் போகுது, அது ஏன் அப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது ஆழமாப் படிக்கணும்னு ஒரு வெறி. டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ்ல பிஎச்டி பண்ணணும், அதுவும் அமெரிக்காவுல. 28 வயசுல. வீட்ல பொண்ணு பார்க்க ஆரம்பிச்சிருக்கிற நேரத்துல. (சிரிக்காதீங்க, எனக்கே சிரிப்பு வருது.)

எட்டு பல்கலைக்கழகத்துக்கு அப்ளிகேஷன் போட்டேன். 'நான் ஏன் ஆராய்ச்சி பண்ண வர்றேன்'னு ரெண்டு பக்கம் எழுதணும். அதை 14 தடவை மாத்தி எழுதினேன். ரெண்டு பழைய புரொபசர், ஒரு பழைய டேமேஜர்னு மூணு பேர்கிட்ட கெஞ்சி சிபாரிசுக் கடிதம். ஒவ்வொரு அப்ளிகேஷனுக்கும் 75லேருந்து 125 டாலர் வரைக்கும் கட்டணம். டோஃபல் செலவையும் சேர்த்து ரூ. 60,000 தாண்டிருச்சு. டிசம்பர் 15ஆம் தேதி கடைசி அப்ளிகேஷனை அனுப்பிட்டு ஒரு பிரியாணி சாப்பிட்டேன். எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன். அப்பத்தான் ஆரம்பிச்சிருக்குன்னு தெரியல.

இதுல ஒரு முட்டாள்தனம் பண்ணியிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. ஆபீஸ்ல சொன்னா அடுத்த ப்ரமோஷன் காலி. வீட்ல சொன்னா 'கிடைச்சுதா, கிடைச்சுதா'ன்னு தினமும் கேப்பாங்க. கிடைக்கலைன்னா அவமானம். கிடைச்சதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டுட்டேன்.

ஜனவரியில ஒரு இடத்துலேருந்து இன்டர்வியூ. ஒரு பேராசிரியர் வீடியோவுல அரை மணி நேரம் பேசினார். நல்லாத்தான் போச்சு. கடைசில 'சீக்கிரம் தொடர்பு கொள்றோம்'னார். அந்தச் 'சீக்கிரம்'ங்கற ஒரு வார்த்தை என்னை என்ன பாடு படுத்துச்சுன்னு சொல்லி மாளாது.

இங்க ஒரு சின்னக் கணக்கு. குளிர்காலத்துல அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம், மேற்குக் கரைக்குப் பதிமூணரை. அங்க கிழக்குல காலைல 9 மணிக்கு ஆபீஸ் திறந்தா இங்க ராத்திரி ஏழரை. மேற்குல சாயங்காலம் 5 மணிக்கு மூடினா இங்க விடியக்காலம் ஆறரை. அதாவது நம்ம ராத்திரி முழுக்க அவங்க ஆபீஸ் நேரம். முடிவு வர்றதுன்னா நான் தூங்கற நேரத்துலதான் வரும். அப்ப நான் எதுக்குத் தூங்கணும்?

தூங்கல. தலகாணிக்கு அடியில போன். கொஞ்சம் அதிர்ந்தா எடுத்துப் பார்ப்பேன். பேங்க் ஓ.டி.பி., சொமாட்டோ தள்ளுபடி, எல்.ஐ.சி. பிரீமியம். அதிரலைன்னாலும் பார்ப்பேன், ஒருவேளை சத்தமில்லாம வந்திருந்தா? ஸ்பாம்ல போய்ப் பார்ப்பேன். இந்த மெயில்ல இன்னொரு கொடுமை, முடிவு அதுலயே இருக்காது. 'உங்கள் விண்ணப்பத்தின் நிலையில் ஒரு மாற்றம் உள்ளது, உள்ளே சென்று பார்க்கவும்'னு மட்டும் இருக்கும். உள்ள போக பாஸ்வேர்டு. எட்டு இடத்துக்கும் எட்டு பாஸ்வேர்டு. கை நடுக்கத்துல அதைத் தப்பா அடிச்சுப் பூட்டிக்கிட்டு, விடியற வரைக்கும் முழிச்சிருந்த கதையும் உண்டு. ஒரு ராத்திரி எத்தனை தடவை மெயில் பார்க்கறேன்னு எண்ணினேன். 61. அவ்வ்வ்வ்வ்.

பிப்ரவரியில ரிஜெக்ட் வர ஆரம்பிச்சுது. ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த வருஷம் பார்த்து அங்க அரசாங்கம் ஆராய்ச்சி நிதியில கை வச்சதுல, பிப்ரவரி, மார்ச்ல பல பல்கலைக்கழகங்கள் பிஎச்டி இடங்களைக் குறைச்சன. சேர்த்துக்கறோம்னு சொன்னவங்களையே திருப்பி அனுப்பின இடமும் உண்டு. அந்தச் செய்திகளை ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சா எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க.

நெஞ்சு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது. டாக்டர்கிட்ட போனேன். ஈ.சி.ஜி. எடுத்தார், ஒண்ணும் இல்லை. 'ஒரு நாளைக்கு எத்தனை காபி, எத்தனை மணி நேரம் தூக்கம்?'னு கேட்டார். ஆறு, மூணுன்னேன். 'நம்பரை மாத்திப் பாருங்க தம்பி'ன்னார். :)

பிப்ரவரி கடைசியில ஒரு புதன்கிழமை. ராத்திரி மூணு மணிக்கு நாலாவது ரிஜெக்ட். காலைல பதினோரு மணிக்கு ஆபீஸ்ல, டெஸ்டிங்குக்குப் போக வேண்டிய ஒரு கான்ஃபிக் ஃபைலை ப்ரொடக்‌ஷன்ல ஏத்திட்டேன். 40 நிமிஷம் சிஸ்டம் படுத்துருச்சு. ஏழு வருஷத்துல இப்படி ஒரு தப்பு நான் பண்ணினதே இல்லை. டேமேஜர் கத்தியிருந்தாக்கூடப் பரவாயில்லை. மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டு, 'வீட்ல ஏதாவது பிரச்சனையா?'ன்னு கேட்டார். இல்லைன்னேன்.

அன்னிக்குச் சாயங்காலம் அப்பா போன். விருதுநகர்ல ஒரு பொண்ணு, ஜாதகம் பொருந்தியிருக்கு, என்ன சொல்றேன்னு கேட்டார். 'என்னை நிம்மதியா இருக்கவே விடமாட்டீங்களா?'ன்னு கத்திட்டு வச்சிட்டேன். அப்பாவை நான் எதிர்த்துப் பேசறவன் இல்லை. வச்சதுக்கு அப்புறம் அரை மணி நேரம் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டு அழுதேன். ரூம்மேட் காதுல விழக்கூடாதே.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். நான் ப்ளஸ் டூ முடிச்சது 2014. ரிசல்ட் எந்தத் தேதி, எத்தனை மணிக்குன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. அதுக்கு முந்தின நாள் பயம் இருந்துச்சு. ஆனா ராத்திரி தூங்கினேன். அப்புறம் இன்ஜினியரிங் கவுன்சலிங். கணக்குக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, மொத்தம் 200க்குக் கட்-ஆஃப். கட்-ஆஃப்ல ஒண்ணா வந்தா கணக்கு, இயற்பியல்னு வரிசையாப் பார்த்து, கடைசியில ரேண்டம் நம்பர். அப்பல்லாம் கிண்டிக்கு நேர்ல போகணும். பெரிய திரையில எந்தக் காலேஜ்ல எத்தனை சீட் மிச்சம்னு ஓடும். நமக்கு முன்னாடி எத்தனை பேர்னு தெரியும். நான் கேட்டது கிடைக்கல. ஆனா பைத்தியம் பிடிக்கல. தேதி இருந்துச்சு, நம்பர் இருந்துச்சு.

இங்க ரெண்டும் இல்லை. ரேங்க் கிடையாது. கட்-ஆஃப் கிடையாது. என்னிக்குச் சொல்லுவாங்கன்னு தேதி கிடையாது. ஒரே இடத்துல ஒருத்தனுக்கு பிப்ரவரியில சொல்லுவாங்க, இன்னொருத்தனுக்கு ஏப்ரல்ல. என்னைத் தின்னது ரிஜெக்ட் இல்லைங்க. ரிஜெக்ட் வந்த அன்னிக்கு அழுதுட்டுத் தூங்கிருவேன். ஒண்ணும் வராத ராத்திரிதான் என்னைத் தின்னுச்சு.

மார்ச் 8, சனிக்கிழமை. முந்தின நாள் ராத்திரி ரயில் பிடிச்சுக் கோவில்பட்டிக்குப் போயிருந்தேன். கத்தினதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் போனேன். ஆனா கேக்கலை. அப்பாவும் அதைப் பத்திப் பேசலை. கடலைமிட்டாய் வாங்கி வச்சிருந்தார். அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல் திண்ணையில உக்காந்து போனைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். தண்ணி குடிக்க எழுந்த அப்பா பார்த்துட்டார்.

"ஏய்யா, தூங்கலயா? ஆபீஸ்ல எதுவும் பிரச்சனையா?"

இருட்டுல மூஞ்சி தெரியாததாலயோ என்னவோ, எல்லாத்தையும் சொல்லிட்டேன். அப்ளிகேஷன், காசு, நாலு ரிஜெக்ட், 'சீக்கிரம்'னு சொன்ன பேராசிரியர், 40 நிமிஷம், எல்லாம். கல்யாணம் என்னாகும், இருக்கற வேலை என்னாகும்னு கேப்பார்னு பார்த்தேன். கேக்கலை.

"எப்பச் சொல்லுவாங்க?"

"அதுதான் தெரியாதுப்பா."

கொஞ்ச நேரம் பேசலை. எங்கப்பா போக்குவரத்துக் கழகத்துல டைம் கீப்பரா இருந்து 2019ல ரிட்டயர் ஆனவர். பஸ் ஸ்டாண்டுல அந்தச் சின்ன ரூம்ல உக்காந்து வண்டி வர்ற நேரம், போற நேரம் எழுதற வேலை. அவர் சொன்னதை அப்படியே தர்றேன்.

"விளாத்திகுளம் வண்டி எங்கயாவது பிரேக் டவுன் ஆகி நின்னுரும். அப்ப ஏது செல்போன்? எனக்கும் தெரியாது. ஜனம் வந்து கேக்கும். 'இந்தா வந்துரும்'னு சொல்லி வச்சா, பொம்பளையாளுக பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, மூட்டையைக் கீழ வைக்காம ஒரு மணி நேரம் நிக்கும். ஆரம்பத்துல நானும் அப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன், பாவமேன்னு. அப்புறம் புத்தி வந்துச்சு. 'ஒம்பதே முக்கால் வரைக்கும் பாரு, வரலைன்னா எட்டயபுரம் வண்டியில ஏறி அங்க மாறிக்க'ம்பேன். உடனே மூட்டையைக் கீழ வைக்கும். டீ குடிக்கப் போகும். வண்டி என்னமோ அதே நேரத்துக்குத்தான் வரும்."

அப்புறம் கேட்டார். "உன் வண்டிக்குக் கடைசி நேரம்னு ஒண்ணு இருக்குமில்ல?"

இருக்கு. ஏப்ரல் 15. அமெரிக்கப் பட்டப்படிப்புப் பள்ளிகளின் கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு. அதுல கையெழுத்துப் போட்ட பல்கலைக்கழகங்கள், உதவித்தொகையோட இடம் கொடுத்த மாணவனை ஏப்ரல் 15க்கு முன்னாடி பதில் சொல்லச் சொல்லி நெருக்கக்கூடாது. அதனால அது வரைக்கும் ஒருத்தர் விட்ட இடம் இன்னொருத்தருக்குப் போய்க்கிட்டே இருக்கும். அதுக்கப்புறம் பெரும்பாலும் கதை முடிஞ்சுது. சொன்னேன்.

"அப்ப ஏப்ரல் 15 வரைக்கும் மூட்டையைக் கீழ வையி"ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டார்.

எனக்குத் தூக்கம் வரல. ஆனா இந்தத் தடவை காரணம் வேற. நான் எந்தப் படிப்புக்காக இத்தனை கூத்தும் அடிக்கறேனோ, அந்தப் படிப்போட அடிப்படைப் பாடத்தை அப்பா சொல்லிட்டுப் போயிட்டார். டெக்னிக்கல் விஷயம்தான், ஒரு பத்தி மட்டும் பொறுத்துக்கங்க.

நிறைய மெஷின் ஒண்ணோட ஒண்ணு பேசி வேலை செய்யற சிஸ்டத்துல ஒரு பெரிய தலைவலி உண்டு. ஒரு மெஷின்கிட்டேருந்து பதில் வரலைன்னா, அது செத்துப்போச்சா, இல்ல மெதுவா இருக்கான்னு வெளியிலேருந்து கண்டுபிடிக்கவே முடியாது. ரெண்டுக்கும் ஒரே அறிகுறிதான், மௌனம். ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன்னு மூணு பேர் 1985ல ஒரு பேப்பர்ல நிரூபிச்சாங்க. செய்தி வந்து சேர நேர எல்லையே இல்லாத இடத்துல, ஒரே ஒரு மெஷின் செத்துப்போக வாய்ப்பிருந்தாக்கூட, மத்ததெல்லாம் கூடி ஒரு முடிவுக்கு வந்தே தீரும்னு எந்த நிரல்முறையாலும் உத்தரவாதம் தர முடியாது. அதுக்காக நாங்க கையைக் கட்டிக்கிட்டா இருக்கோம்? டைம்அவுட் வைக்கறோம். இத்தனை நொடிக்குள்ள பதில் வரலைன்னா செத்ததா வச்சுக்கிட்டு மேற்கொண்டு வேலையைப் பாரு. அது உண்மையிலயே செத்துதான்னு தெரியாது. டைம்அவுட்ங்கறது கண்டுபிடிப்பு இல்லை, நாமளா எடுக்கற முடிவு. ஏழு வருஷமா தினமும் கோட்ல இதை எழுதறவனுக்கு, சொந்த வாழ்க்கையில வைக்கணும்னு தோணல பாருங்க.

ஊருக்குத் திரும்பினதும் செஞ்சது இவ்வளவுதான்.

முதல்ல, எட்டு இடத்துல மிச்சம் இருந்த நாலுக்கும் டைரியில ஒவ்வொரு தேதி எழுதினேன். அந்தத் தேதி தாண்டினா ரிஜெக்ட்னு வச்சுக்கணும். அப்புறம் வந்தா லாபம். எதுவும் ஏப்ரல் 15ஐத் தாண்டக்கூடாது.

ரெண்டாவது, மெயில். நோட்டிஃபிகேஷனை அணைச்சேன். காலைல ஏழு மணிக்கு ஒரே ஒரு தடவை பார்க்கறதுன்னு சபதம். அதுக்குள்ள அவங்க ஆபீஸ் எல்லாம் மூடியிருக்கும், எதுவும் தவறிப்போகாது. சபதம் எத்தனை நாள் நின்னுச்சுங்கறீங்க? ரெண்டு நாள். மூணாம் நாள் ராத்திரி ஒரு மணிக்குக் கை தானாப் போச்சு. அப்புறம் இன்னொரு பழைய வித்தையை எடுத்தேன். நெட்வொர்க்ல ஒருத்தர் மேல ஒருத்தர் மோதினா, உடனே திரும்ப முயற்சி பண்ணாம, ஒவ்வொரு மோதலுக்கும் காத்திருக்கற நேரத்தோட எல்லையை ரெட்டிப்பாக்கிக்கிட்டே போவாங்க. அதே மாதிரி, ஒரு தடவை பார்த்து ஒண்ணும் இல்லைன்னா அடுத்தது ஒரு மணி நேரம் கழிச்சு, அப்புறம் ரெண்டு, நாலு, எட்டு. எட்டு மணி நேரம்னா ஒரு ராத்திரித் தூக்கம். பத்து நாள்ல பழகிருச்சு. 61ங்கறது 3 ஆச்சு. ஒண்ணு ஆகவே இல்லை, அதையும் சொல்லிடறேன்.

மூணாவது, ரூம்மேட்கிட்டயும் டேமேஜர்கிட்டயும் உண்மையைச் சொன்னேன். டேமேஜர், 'அன்னிக்கே சொல்லியிருந்தா ப்ரொடக்‌ஷன் பக்கம் உன்னை விட்டிருக்கவே மாட்டேனேய்யா'ன்னார். ப்ரமோஷன் பத்தி நான் கேக்கலை, அவரும் சொல்லல. ஹி ஹி.

இதெல்லாம் எனக்கு மட்டும் வந்த கிறுக்கான்னு தேடிப் பார்த்தேன். இல்லை. 2016ல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்ல ஒரு சோதனை நடத்தியிருக்காங்க. 45 பேர் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடணும். கல்லுக்கு அடியில பாம்பு இருந்தா கையில கரன்ட் ஷாக். ஷாக் கண்டிப்பா உண்டுன்னு தெரிஞ்சப்ப இருந்ததைவிட, பாதிக்குப் பாதி வாய்ப்புங்கறப்பத்தான் டென்ஷன் உச்சத்துக்குப் போயிருக்கு. விளாத்திகுளம் பயணிகளைப் பார்த்தே எங்கப்பா தெரிஞ்சுக்கிட்ட விஷயம். அதே 2016ல கலிஃபோர்னியாவுல கேட் ஸ்வீனிங்கற பேராசிரியரும் மத்தவங்களும் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, வக்கீல் பரீட்சை எழுதிட்டு நாலு மாசம் ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவங்களைப் பத்தினது. 'நல்லதே நடக்கும்னு நினை', 'அதையே நினைக்காதே' மாதிரியான வித்தை எதுவும் கவலையைப் பெரிசாக் குறைக்கலையாம். ஆனா காத்திருந்தப்ப அதிகம் தவிச்சவங்க, கெட்ட செய்தி வந்தப்ப நிதானமா அடுத்ததைப் பார்த்தாங்களாம். இதைப் படிச்சதும் எனக்கு ஒரு நிம்மதி. கவலைப்படறேன்னு கவலைப்படறதையாவது நிறுத்தினேன்.

ஆனா ஒண்ணு மக்களே. படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வாரக்கணக்குல போனா என்னை மாதிரி மறைச்சு வச்சுக்காதீங்க. டாக்டரைப் பாருங்க. மத்திய அரசோட டெலி மானஸ், 14416, 2022லேருந்து இருக்கு. தமிழ்லயே பேசலாம்.

அப்பா தினமும் காலைல ஏழே காலுக்கு போன் பண்ண ஆரம்பிச்சார். பேச்சு பத்து நொடிதான்.

"வண்டி வந்துச்சா?"

"இல்லப்பா."

"சரி, சாப்பிட்டுட்டு ஆபீஸுக்குப் போ."

கிடைச்சுதான்னு தினமும் கேப்பாங்கன்னு பயந்துதானே வீட்ல சொல்லாம இருந்தேன்? அதே கேள்விதான். ஆனா அதைக் கேக்கறதுக்கு ஒரு ஆள் இருக்கார்ங்கறதுலயே பாதி பாரம் இறங்கிருச்சு. அம்மா மட்டும், 'அங்க போய்ப் படிச்சாக் கல்யாணம் பண்ணக்கூடாதுன்னு சட்டமா என்ன?'ன்னு ஒரே ஒரு தடவை கேட்டாங்க. நியாயமான கேள்வி. பதில் இல்லை.

மார்ச் கடைசிக்குள்ள இன்னும் ரெண்டு ரிஜெக்ட். ஒரு இடம் காத்திருப்போர் பட்டியல்ல வச்சு, ஏப்ரல் 14ஆம் தேதி இல்லைன்னுருச்சு. மொத்தம் ஏழு. எட்டாவது, அந்த இன்டர்வியூ எடுத்த இடம். 'சீக்கிரம்.'

ஏப்ரல் 16 காலைல ஏழு மணிக்கு மெயிலைத் திறந்தேன். ஒண்ணும் இல்லை. ஏழே காலுக்கு போன்.

"கடைசி வண்டியும் போயிருச்சா?"

"போயிருச்சுப்பா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. தொண்டையைச் செருமினார். "சரி. அடுத்த ட்ரிப்பு எப்ப?"

"டிசம்பர்லப்பா."

"இந்தத் தடவை முன்கூட்டியே சொல்லு."

அன்னிக்கும் அழுதேன், மறைக்கலை. ஆனா தண்ணியைத் திறந்து விடலை, ரூம்மேட் டீ போட்டுக் கொடுத்தான். பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போயிட்டேன்.

இப்ப மறுபடியும் அப்ளிகேஷன் எழுதிக்கிட்டு இருக்கேன். இந்தத் தடவை ஆறு இடம். அந்த ரெண்டு பக்கத்தை இன்னும் மாத்தி மாத்தித்தான் எழுதறேன், ஒன்பதாவது தடவை. கிடைக்குமான்னு தெரியாது. டைரியில ஆறு தேதி மட்டும் எழுதியாச்சு. அப்பாவுக்கும் ஒரு காப்பி எழுதிக் கொடுத்தேன். அதைப் பழைய பழக்கத்துல ஒரு அட்டையில ஒட்டி, காலண்டர் பக்கத்துல மாட்டி வச்சிருக்கார், வண்டி நேரம் மாதிரி.

அந்த எட்டாவது இடத்துல உள்ள போய்ப் பார்த்தா, இன்னும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னுதான் இருக்கு. போன வாரம் பார்த்தேன். சும்மா, ஒரே ஒரு தடவை. :)